உங்க ஊர்க் காட்டின் கதையை எங்கே தேடலாம்?

(ஊர்ப்புற நூலகக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



புதுக்கோட்டைப் பக்கம் எந்த டீக்கடையில உட்கார்ந்தாலும், "ஆர்.எஸ்.பதி மரம் வர்றதுக்கு முன்னாடி இங்கே காடு இருந்துச்சு"ன்னு சொல்ல ஒரு பெரியவர் இருப்பார். வீரை, உசில், காரை, உலக்கைப்பாலைன்னு மரங்களோட பேரையும் அடுக்குவார். அந்தக் காட்டை நினைவுகூர ஒரு நாள் வைக்கணும், ஒரு கல் நடணும்னு உங்க ஊர்லயும் பேச்சு வந்திருக்கலாம். நல்ல காரியம். ஆனா கல்லுல என்ன எழுதப் போறீங்க? எந்த வருஷம் வெட்டினாங்க? யார் உத்தரவு? தப்பா எழுதிட்டா, நம்ம பேரப் பிள்ளைகளுக்கு அதுதான் வரலாறு.

அதனால தேடலை மனுஷங்ககிட்ட இருந்து ஆரம்பிங்க. காகிதம் காத்திருக்கும், பெரியவங்க காத்திருக்க மாட்டாங்க. அனுமதி கேட்டு உங்க செல்போன்லயே அவங்க பேச்சைப் பதிவு பண்ணுங்க. "எந்த வருஷம்?"னு கேட்டா பதில் வராது. "உங்க கல்யாணத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?"ன்னு கேளுங்க, வரும். கோடாலி பிடிச்சவங்க, விறகு சுமந்தவங்க, வண்டி ஓட்டினவங்க எல்லாரையும் பாருங்க. அந்தக் கூலியிலதான் பல வீட்டுல அடுப்பு எரிஞ்சது. அவங்களை விட்டுட்டு இந்தக் கதை முழுசாகாது.

அடுத்து, உங்க ஊர் அப்போ யார் ஆட்சியில இருந்துச்சுன்னு பாருங்க. பலரும் தடுமாறுற இடம் இதுதான். 1948 மார்ச் 3 வரை புதுக்கோட்டை தனி சமஸ்தானம். அப்புறம் அது திருச்சி மாவட்டத்தோட சேர்ந்துச்சு. 1974 ஜனவரி 14-லதான் தனி மாவட்டம். அதனால 1948-க்கு முந்தின சேதியை தர்பார் கோப்புகள்லயும், 1948 முதல் 1974 வரையிலான சேதியை திருச்சி மாவட்டப் பதிவுகள்லயும் தேடணும். அறந்தாங்கிப் பக்கத்து ஊர்கள் சமஸ்தானத்துல இல்லை, தஞ்சாவூர் மாவட்டத்துல இருந்தவை. அவங்க தஞ்சாவூர் பதிவுகளைத் தேடணும்.

சமஸ்தான ஊர்களுக்கு கே.ஆர்.வெங்கடராம அய்யர் தொகுத்த 'புதுக்கோட்டை சமஸ்தான மேனுவல்' நல்ல தொடக்கம். 1938 முதல் 1944 வரை வெளிவந்தது, ஆங்கிலத்துல இருக்கு. கல்லூரியில படிக்கிற பிள்ளைகளைக் கூட வச்சுக்கிட்டுப் படிங்க. புதுக்கோட்டை ஞானாலயா ஆய்வு நூலகத்துல கேளுங்க. தமிழ் மின் நூலகம் இணையதளத்துலயும் பேரைப் போட்டுத் தேடுங்க. மூலக் கோப்பே வேணும்னா சென்னை எழும்பூர்ல தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கு. பழைய அறிக்கைகள்ல பசலி ஆண்டுதான் இருக்கும். அதோட 590-ஐக் கூட்டினா அந்தப் பசலி தொடங்கின ஆங்கில வருஷம் கிடைக்கும். பசலி 1357-ன்னா 1947 ஜூலையில தொடங்கினது.

தமிழ்நாடு வனத்தோட்டக் கழகம் தொடங்கினதும் 1974-லதான். இங்கே ஒண்ணை மறந்துடாதீங்க. ஆர்.எஸ்.பதி மரத்தை வெட்டினா மறுதாம்பு கிளம்பும், சில வருஷத்துல அதையும் வெட்டுவாங்க. அதனால "எப்போ வெட்டினாங்க?"ங்கிற கேள்விக்குப் பல பதில் வரும். பழைய காடு போன வருஷம் வேற, தோட்ட மரம் வெட்டின வருஷங்கள் வேற. ரெண்டையும் குழப்பாதீங்க. வனக்கோட்டத்தோட செயல் திட்ட அறிக்கையில அந்தக் காடு முன்னாடி எப்படிப் பராமரிக்கப்பட்டதுன்னு ஒரு பகுதி இருக்கும். அதைக் கேட்டு வாங்குங்க.

இனி வீட்டுல இருந்தே செய்யக்கூடியது. அரசோட நில ஆவண இணைய சேவையில சர்வே எண்ணைக் கொடுத்து 'அ' பதிவேட்டைப் பாருங்க. புறம்போக்கா, பட்டாவான்னு தெரியும். கல் நடுறதுக்கு முன்னாடி இதைக் கட்டாயம் பார்க்கணும், இல்லைன்னா விழா அன்னைக்கே வம்பு வரும். கூகுள் எர்த் டைம்லாப்ஸ்ல 1984-ல இருந்து வருஷவாரியா செயற்கைக்கோள் படம் இருக்கு. பெரிய பரப்பு மாறினது தெரியும், சின்னக் கோயில் காடு தெளிவாத் தெரியாது.

அலுவலகத்துல பதில் கிடைக்கலைன்னா தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கு. கட்டணம் 10 ரூபாய், பொதுவா 30 நாளுக்குள்ள பதில் தரணும். 20 வருஷத்துக்கு முந்தின நிகழ்வுன்னா, மறுக்கிறதுக்கான காரணங்கள்ல பெரும்பாலானவை செல்லாது. அந்தச் சட்டத்தோட பிரிவு 8(3)-ஐ மனுவுல குறிப்பிடுங்க. "காடு பற்றிய எல்லாத் தகவலும்"னு கேட்காம, கிராமம், சர்வே எண், எந்த வருஷத்துல இருந்து எந்த வருஷம் வரைன்னு எழுதுங்க.

கடைசியா ஒண்ணு. பெரியவர் சொன்னதும் காகிதத்துல இருக்கிறதும் ஒத்துப்போகலைன்னா, ஒண்ணை அழிச்சிடாதீங்க. கல்லுல உறுதியானதை மட்டும் வெட்டுங்க. மீதியை ஒரு நோட்டுல எழுதி, பேச்சுப் பதிவுகளோட சேர்த்து ஊர் நூலகத்துல வையுங்க. நாளைக்குத் தேடி வர்ற பிள்ளை அதுல இருந்து தொடங்கும்.