பத்தாவது கையெழுத்து

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)



தேர்தலைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் செயலாளர் முகம் மாறிவிட்டது. பயப்பட வேண்டாம், யாருக்கும் ஓட்டுக் கேட்க வரவில்லை. வங்கி கவுண்டரிலேயே காலம் தள்ளியவன். எனக்குக் கணக்குதான் வரும்.

மேட்டூர் பத்மராஜனைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். டயர் ரிப்பேர் கடைக்காரர். 1988 முதல் இருநூறுக்கும் மேற்பட்ட தேர்தல்களில் நின்று தோற்றவர். 2024-இல் நம் தர்மபுரி மக்களவைத் தொகுதிக்கும் வந்து மனு கொடுத்தார். நாமெல்லாம் சிரித்தோம். அவர் வாங்கியதிலேயே அதிகம் 2011 மேட்டூர் சட்டமன்றத் தேர்தலில்தான், 6,273 ஓட்டு. ஜெயித்தவருக்கு 75 ஆயிரத்துக்கு மேல். சட்டமன்றத்துக்கு டெபாசிட் 10,000 ரூபாய். செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டாவிட்டால் அது திரும்ப வராது. ஆக, அவருக்கு ஓர் ஓட்டு 1 ரூபாய் 60 காசு. இன்றைய நிலவரத்துக்கு ரொம்ப மலிவு!

பணத்தைவிட எனக்கு ஆச்சரியம், அவர் ஒவ்வொரு தடவையும் பத்துக் கையெழுத்து வாங்கிவிடுவதுதான். அங்கீகாரம் பெற்ற கட்சியின் வேட்பாளரை முன்மொழிய ஒருவர் போதும். சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும், பத்துப் பேரும் அதே தொகுதி வாக்காளர்களாக இருக்க வேண்டும். 1996-இல் மொடக்குறிச்சியில் 1,033 பேர் நின்று, வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சடித்தார்களே, அந்த வருஷம்தான் இந்தப் பத்துப் பேர் விதி வந்தது. 250 ரூபாய் டெபாசிட் 5,000 ஆனதும் அப்போதுதான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், 2021-இல் என் நண்பர் ஒருவர் சுயேச்சையாக நிற்கக் கிளம்பினார். மொரப்பூர் பெயரில் இருந்த தொகுதி 2006 தேர்தலோடு போய்விட்டது, அத்தோடு ஊரைப் பற்றிய பேச்சும் போய்விட்டது என்பது அவர் ஆதங்கம். மொரப்பூர் - தர்மபுரி ரயில் பாதையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். அது டெல்லி சமாச்சாரமாயிற்றே என்றால், "நிலம் எடுத்துக் கொடுக்கிறது யாருங்க? மாநில அரசுதானே?" என்பார்.

ஒன்பது கையெழுத்தோடு என் வீட்டுக்கு வந்தார். நான் காபி கொடுத்தேன், கையெழுத்துப் போடவில்லை. பென்ஷன் வாங்குகிறவனுக்கு எதற்கு வம்பு, நாளைக்கு ஜெயிக்கிற கட்சிக்காரர் என்ன நினைப்பாரோ என்று தயங்கினேன். உண்மையில் பென்ஷனுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. முன்மொழிந்தவர் அவருக்கேதான் ஓட்டுப் போட வேண்டும் என்றும் இல்லை, ஓட்டு ரகசியம். இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும்.

கடைசி நாள் அவசரத்தில் சொந்தக்காரர் ஒருவரைப் பத்தாவதாகப் போட்டார். பரிசீலனையில் பார்த்தால், அந்த மனிதருக்கு ஓட்டு பக்கத்துத் தொகுதியில். மனு தள்ளுபடி. அதிகாரியைக் குறை சொல்ல முடியாது, விதி அப்படி. என் கையெழுத்து இருந்திருந்தாலும் அவர் ஜெயித்திருக்க மாட்டார். ஆனால் மெஷினில் அவர் பெயர் இருந்திருக்கும்.

நம் குடியிருப்பில் வாக்காளர்கள் நிறைய இருக்கிறோம். யாராவது மனுத்தாளோடு கதவைத் தட்டினால், பிடித்தால் போடுங்கள், பிடிக்காவிட்டால் விடுங்கள். ஆனால் பட்டியலில் உங்கள் பாகம் எண், வரிசை எண் இரண்டையும் முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மனுவில் அதைக் கேட்பார்கள். என்னுடையதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி பர்ஸில் வைத்திருக்கிறேன்.