அலை வரவில்லை, ஆயினும் அது பொய்ச்செய்தி அன்று

(பாராடாங்கில் நடைபெற்ற கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2025 அக்டோபர் 2 அன்று இத்தீவின் சேற்று எரிமலை பேரொலியுடன் வெடித்துச் சேற்றை உமிழ்ந்தது. இருபது ஆண்டுகளுக்குப் பின் நிகழ்ந்த பெரிய வெடிப்பு அது. அதற்குச் சில நாள்கள் முன்னர்தான், செப்டம்பரில், பாரன் தீவின் எரிமலையும் கனன்றிருந்தது. தொலைவில் இருப்பவர் இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதிவிடுவது எளிது. தீக்குழம்பு வழியும் ஏதேனும் ஒரு படத்தோடு 'அந்தமானில் எரிமலை' என்று இரண்டு சொற்கள் கைப்பேசிக்கு வந்தால், ராமநாதபுரத்தில் இருக்கும் உறவினர் அன்றிரவு உறங்கமாட்டார்.

மொழிபெயர்ப்பைக் கட்சிப் பணியாகச் செய்துவரும் எனக்கு இதில் ஒரு குறை தோன்றுகிறது. குழப்பத்தில் பாதி, சொல்லிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்துச் 'சேற்று எரிமலை' என்கிறோம். ஆனால் இங்கே உருகிய பாறை ஏதுமில்லை. நிலத்தடியில் மட்கிய உயிர்ப்பொருள்களிலிருந்து உண்டாகும் மீத்தேன் வளி, நீரையும் களிமண்ணையும் தள்ளிக்கொண்டு மேலெழுகிறது. இங்கு வழங்கும் 'ஜல்கி' என்னும் பெயரில் இந்த இடர் இல்லை. (அவ்வளி தீப்பற்றக்கூடியது; அருகில் நின்று பீடி பற்றவைக்க வேண்டா என்பது வேறு செய்தி.)

படிப்பறிவில்லாத மக்களே வதந்தியை நம்புகின்றனர் என்று நடுத்தர வர்க்கத்தார் கூறுவதுண்டு. 2004 டிசம்பர் 30 அன்று நடந்ததை அவர்களுக்கு நினைவூட்ட வேண்டும். ஆழிப்பேரலை தாக்கி நான்கே நாள்கள் ஆகியிருந்தன. மீண்டும் பேரலை வரக்கூடும் என்று ஒன்றிய உள்துறை அமைச்சகமே எச்சரிக்கை விடுத்தது. தமிழகக் கடற்கரையிலும் இத்தீவுகளிலும், பிணங்களை இன்னும் அடக்கம் செய்து முடிக்காத மக்கள் மறுபடியும் ஓடினார்கள். அந்த எச்சரிக்கைக்கு மூலம் எது? நிலநடுக்கத்தை முன்கூட்டியே கணிப்பதாகக் கூறிக்கொண்ட அமெரிக்கத் தனியார் நிறுவனம் ஒன்றின் தகவல். அது அறிவியலுக்குப் புறம்பானது என்று அறிவியல் துறை அமைச்சர் கபில் சிபல் பின்னர் கூறினார். நிலநடுக்கம் இன்ன நாளில் வரும் என்று உரைக்கும் கருவி அன்றும் இல்லை, இன்றும் இல்லை. அரசு முத்திரை விழுந்ததால் ஆதாரமற்ற கூற்று ஆதாரம் பெற்றுவிடவில்லை. மேலும் பலரை ஓடவைத்தது, அவ்வளவே.

இனி இதற்கு எதிரிடையான ஒன்றைப் பாருங்கள். 2007 அக்டோபர் முதல் ஐதராபாத்தில் இந்திய ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் இயங்கிவருகிறது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டபோது, சில நிமிடங்களில் அம்மையம் அறிக்கை வெளியிட்டு இத்தீவுகளை எச்சரித்தது. பேரலை வரவில்லை. கடலடிப் பாறைகள் மேலும் கீழுமாகப் பெயராமல் பக்கவாட்டில் நகர்ந்ததே காரணம். கடல்மட்டத்தை அளந்து, எச்சரிக்கை விலக்கிக்கொள்ளப்பட்டது. அலை வராததால் இதையும் 2004ஆம் ஆண்டுக் கூற்றையும் ஒரே தட்டில் வைப்போர் உண்டு. அது தவறு. 2012இல் நிலநடுக்கம் நிகழ்ந்த பின் கருவிகள் அளந்தன; இடம், நேரம், அளவு யாவும் சொல்லப்பட்டன; புதிய அளவீடு வந்ததும் அறிக்கை திருத்தப்பட்டது; பொறுப்பேற்க ஒரு பொது நிறுவனம் இருந்தது. 2004இல் இவற்றுள் ஒன்றுமில்லை. செய்தி பலித்ததா என்பதை வைத்து அதன் தரத்தை அளக்க இயலாது. அதைச் சொன்னவருக்கு அதை அறியும் வழி இருந்ததா என்பதையே கேட்க வேண்டும்.

2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கம்பிவடம் வந்தது முதல் இத்தீவுகளுக்குச் செய்தி விரைந்து வருகிறது. பொய்யும் அதே கம்பியில்தான் வருகிறது. சமூக ஊடக நிறுவனங்கள் நம் கண்கள் திரையில் நிலைக்கும் நேரத்தை விளம்பரதாரருக்கு விற்பவை. அச்சம் அந்த நேரத்தை நீட்டிக்கிறது.

பழைய பொய்களுக்கும் இதனால் மறுவாழ்வு கிடைக்கிறது. மார்க்கோ போலோவின் நூல், அந்தமான் மக்கள் நாய்த்தலை கொண்டவர்கள், மனிதரைத் தின்பவர்கள் என்று கேள்விச் செய்தியை எழுதிவைத்தது. நாய்த்தலை உதிர்ந்துவிட்டது, மற்றது இன்னும் உலவுகிறது. ஜிர்காடாங்கிலிருந்து காட்டுவழியாக இங்கு வரும் சுற்றுலாப் பயணிகளில் எத்தனை பேர் அதை நம்பிக்கொண்டு ஜாரவா மக்களைப் பார்க்கத் தேடுகின்றனர்! அவர்களைப் படமெடுப்பது குற்றம். அப்படியொரு படம் உங்களுக்கு வந்தால், அது மெய்யானதாகவே இருந்தாலும் பிறருக்கு அனுப்பாதீர்கள்.

நம் பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஆளும் கட்சித் தலைவர் ஒருவர் உளறுவதாக வரும் காணொளியை நம் தோழர்கள் எவ்வளவு விரைவில் நம்புகிறார்கள்! முழு உரை எங்கே, எந்த நாளில் பேசியது என்று கேட்பதற்குள் மூன்று குழுக்களுக்குச் சென்றுவிடுகிறது. அது வெட்டி ஒட்டியது என்று மறுநாள் தெரிந்தால், அடுத்த வாரம் கூலி உயர்வு பற்றி நாம் கொண்டுசெல்லும் உண்மையான துண்டறிக்கையையும் தொழிலாளி ஐயத்தோடுதான் வாங்குவார்.

இன்றிரவே நிலம் வலுவாக, நெடுநேரம் அதிர்ந்தால் கைப்பேசியைத் தேடிக்கொண்டிராதீர்கள்; குழந்தைகளையும் முதியோரையும் அழைத்துக்கொண்டு உடனே மேட்டுநிலத்துக்குச் செல்லுங்கள். உங்கள் காலடியில் உணர்ந்த அதிர்வே முதல் ஆதாரம். எப்போது இறங்கி வரலாம் என்பதற்கு ஐதராபாத் மையத்தின் அறிக்கையைக் கேளுங்கள்.