கதிர்ச் சிகிச்சைக்குப் பின் மூத்திரப்பை



தில்லியில் நாம் வாழும் குடியிருப்பில் மூதாட்டியார் ஒருவருக்குச் சிறுநீருடன் இரத்தம் கண்டது. வலியில்லை, காய்ச்சலில்லை. அம்மையாருக்கு இந்தி வராது. மொழிபெயர்ப்பே நமக்குத் தொழிலாதலால், அவருடன் மருத்துவமனைக்குச் சென்றோம். முன்பு ஏதேனும் சிகிச்சை உண்டா என்று மருத்துவர் வினவினார். “பதினொரு வருஷத்துக்கு முன்னே, ஊரிலே இடுப்பிலே கரண்டு வைத்தாங்க” என்றார் அம்மையார். அதனை மின்சாரச் சிகிச்சை என்று நாம் பெயர்த்துரைத்தோம். இடுப்பு வலிக்குச் செய்தது போலும் என்று கருதிய மருத்துவர், கிருமித் தொற்றுக்கு மருந்து எழுதினார். இரத்தம் நிற்கவில்லை. இரு வாரங்கள் கழித்துப் பெட்டியின் அடியில் கிடந்த பழைய சீட்டைக் கண்டபோதே, அது கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குச் செய்த கதிர்வீச்சுச் சிகிச்சை என்று விளங்கிற்று. பிழை நம்முடையதே.

அச்சிகிச்சை உயிர் காப்பது, ஐயமில்லை. ஆனால் மூத்திரப்பை கருப்பைக்கு முன்புறம், அதனை ஒட்டியே அமைந்துள்ளது. புற்றை அழிக்கச் செல்லும் கதிர் அதனையும் ஓரளவு தொடாமற் போவதில்லை. சிகிச்சை நடக்கும் நாட்களில் தோன்றும் எரிச்சலும், அடிக்கடி நீர் பிரிதலும் பெரும்பாலும் சில வாரங்களில் தணியும். சிலருக்கோ, ஆறு மாதம் கழித்தோ பத்தாண்டு கடந்தோ வேறொரு மாறுதல் தலைகாட்டும். நுண்ணிய இரத்தக் குழாய்களின் உட்சுவர் தடித்து, வழி குறுகுகிறது. குருதி குறையவே பிராணவாயுவும் குறைகிறது; பையின் சுவர் இறுகிச் சுருங்குகிறது. வாய்க்கால் தூர்ந்தால் நீர் கண்ட இடத்தில் கசிந்தோடுவதுபோல, மெல்லிய புதுக்குழாய்கள் உட்பரப்பில் கிளைக்கின்றன. அவை எளிதில் உடைவன. வலியின்றி இரத்தம் வருவது இதனாலேயே.

ஆயினும், இரத்தம் கண்டதும் பழைய கதிரின் விளைவென்று நாமே முடிவு செய்வதும் தவறு. புற்று மீண்டதென்று மனமுடைவதும் தவறு. கல்லா, கிருமியா, புதுக் கட்டியா என்பதை உள்நோக்குக் குழாயிட்டும் பிற சோதனைகளாலும் மருத்துவரே தெளிவார். கதிர் பட்ட சதை எளிதில் ஆறாது. ஆகவே கத்தி வைக்குமுன் அவர் அச்செய்தியை அறிந்திருத்தல் இன்றியமையாதது. உறைந்த இரத்தத்தைக் கழுவி அகற்றுதல், கசியும் குழாயைச் சுட்டு அடைத்தல் ஆகிய வழிகள் உண்டு. காற்றழுத்தம் இரு மடங்குக்கு மேல் உயர்த்தப்பட்ட அறையில் 30 அல்லது 40 முறை தூய பிராணவாயுவைச் சுவாசிக்கச் செய்யும் முறையும் துன்பத்தைக் குறைப்பதாக, வட ஐரோப்பிய மருத்துவமனைகளின் ஆய்வொன்று 2019-இல் காட்டியது. இரத்தம் கட்டி கட்டியாக வந்தாலோ, சிறுநீர் அடைபட்டாலோ, ஒரு நாளும் தாமதித்தல் ஆகாது.

ஊர்விட்டு ஊர் வந்த நாம் பாத்திரம் பண்டங்களை மறவாமல் கட்டி வருகிறோம். மருத்துவச் சீட்டுகளை மட்டும் ஊரிலேயே விட்டு வருகிறோம். எந்த ஆண்டு, எவ்வுறுப்புக்கு, எத்தனை தவணை என்பதைச் சொல்லும் அச்சீட்டும் நம்முடன் வரட்டும். ‘கரண்டு’ என்னாமல் ‘ரேடியேஷன்’ என்று சொல்ல வீட்டுப் பெரியோரைப் பழக்குவோம். அச்சொல் எம்மாநிலத்து மருத்துவருக்கும் விளங்கும். நாணத்தாலோ, நோய்தான் ஆறிவிட்டதே என்ற எண்ணத்தாலோ அதனை மறைத்தல் வேண்டா.