ஜுன்டான்னா என்ன?

போன எபிசோடுல மியான்மர் பத்திப் பேசினப்போ 'ராணுவ ஜுன்டா'ன்னு பத்து தடவையாவது சொல்லியிருப்பேன். "அது என்ன ஜுன்டா, ஜனதாவா?"ன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். நியாயமான சந்தேகம். ஐஐடி பசங்க 'கூட்டம்'ங்கிற அர்த்தத்துல சொல்ற 'ஜன்தா'வுக்கும் இங்கிலீஷ்ல இதே ஸ்பெல்லிங்தான். ஆனா அது நம்ம ஜனதா. இது ஸ்பானிஷ், அங்கே உச்சரிப்பு 'ஹுன்தா'.

லத்தீன்ல 'யுங்கெரே'ன்னா சேர்க்கிறது. அதிலிருந்து வந்த 'ஹுன்தா'வுக்கு 'சேர்ந்து உட்கார்ந்தவங்க', அதாவது குழுன்னு அர்த்தம். ஆபீஸ்ல நான் தினமும் டேட்டாபேஸுக்கு எழுதுற 'ஜாயின்' அதே வேர்தான். நம்ம 'யோகா'வும் தூரத்துச் சொந்தம்.

கவனிச்சீங்களா, இந்த வார்த்தைக்குள்ள துப்பாக்கியே இல்ல. 1808-ல நெப்போலியன் தன் அண்ணன் ஜோசப்பை ஸ்பெயின் ராஜாவாக்கினப்போ, ஊர் ஊரா மக்கள் ஜுன்டா அமைச்சு எதிர்த்து நின்னாங்க. அதாவது, படையெடுத்து வந்த ராணுவத்தை எதிர்த்தவங்கதான் அன்னிக்கு ஜுன்டா! இன்னிக்கும் ஸ்பெயினோட அந்தலூசியா மாநில அரசுக்குப் பேரு ஜுன்டாதான். ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த அரசு அது.

நம்ம ஊர்லயும் இதுமாதிரி ஒரு வார்த்தை இருக்கு: கொம்யூன். பிரெஞ்சுக்காரன் விட்டுட்டுப் போனது. வில்லியனூர், பாகூர் பக்கம் கொம்யூன் பஞ்சாயத்து போர்டை எல்லாரும் பார்த்திருப்போம். அதுக்கும் 'பொதுவா, சேர்ந்து'ன்னுதான் அர்த்தம். (1968-க்கு அப்புறம் அதுக்குத் தேர்தல் நடந்தது 2006-லதான். அது தனி எபிசோடு.)

அப்புறம் எப்படி ஜுன்டா கெட்ட வார்த்தை ஆச்சு? லத்தீன் அமெரிக்காவுல. 1973 செப்டம்பர் 11, சிலி. தரைப்படை, கடற்படை, விமானப்படை, போலீஸ்னு நாலு தலைவர்கள் சேர்ந்து ஆட்சியைப் பிடிச்சாங்க. பினோசே அதுல ஒருத்தர். தங்களுக்கு அவங்களே வச்சுக்கிட்ட பேரு 'அரசாங்க ஜுன்டா'. ஏதோ கல்யாண மண்டபக் கமிட்டி மாதிரி சாதுவான பேரு! ஆயிரக்கணக்கான பேர் கொல்லப்பட்டாங்க, காணாமப் போனாங்க. கறை பேர்மேல ஒட்டிக்கிச்சு.

நமக்கு இது தூரத்துக் கதை இல்ல. புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோட சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16. அதே வருஷம் மார்ச் 2-ம் தேதி பர்மாவுல ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடிச்சார். 1964-ல கடைகளை எல்லாம் அரசுடைமை ஆக்க, தலைமுறையா அங்கே இருந்த தமிழர்கள் கையில கிடைச்சதோட கப்பலேறினாங்க. சென்னை பர்மா பஜார், தட்டுல வர்ற அத்தோ, எல்லாம் அவங்க கொண்டு வந்தது.

அதே நாட்டுல 2021 பிப்ரவரியில மறுபடியும் ராணுவம். வந்த மாசமே 'ஜுன்டா'ன்னு எழுதக் கூடாதுன்னு பத்திரிகைகளுக்கு எச்சரிக்கை. மார்ச் 8-ம் தேதி ஐந்து ஊடகங்களோட உரிமம் ரத்து. அப்போ அவங்க வச்சுக்கிட்ட பேரு 'அரசு நிர்வாகக் கவுன்சில்'. கவுன்சில்னாலும் குழுதானே!

நம்ம பத்திரிகைகள் சில 'ராணுவ ஆட்சிக்குழு'ன்னு எழுதுறாங்க. யார் உட்கார்ந்திருக்காங்கன்னு அதுலயே தெரிஞ்சிடுது. இனிமே இந்த ஷோல அதையே சொல்றேன்.