மைல்ஸ் மொரேலஸ் யாருடைய இடத்தைப் பிடித்துக்கொண்டான்?

(மாணவர் வாசிப்பு வட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சூப்பர் ஹீரோக்களைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் சிலர் சிரித்தீர்கள். நியாயம்தான். முகமூடி மாட்டிக்கொண்டு கட்டடத்துக்குக் கட்டடம் தாவுகிறவர்களுக்கும் சாதி ஒழிப்புக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. ஏற்கெனவே எழுதப்பட்ட கதையை யார் திருப்பி எழுதலாம் என்கிற சண்டை அங்கேயும் நடக்கிறது. அந்தச் சண்டை நமக்குப் புதிதல்ல. புலவர் குழந்தை 1946இல் இராவண காவியத்தை வெளியிட்டார். 1948இல் அரசு அதைத் தடை செய்தது. தடை நீங்க 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வில்லனை நாயகனாக எழுதியதற்கு ஓர் அரசாங்கமே பதறியது என்றால், நாயகன் யார் என்பது வெறும் கதை விவகாரம் அல்ல.

அதே 1946இல் அமெரிக்காவில் இன்னொன்று நடந்தது. சூப்பர்மேன் வானொலித் தொடரில் கூ கிளக்ஸ் கிளானைப் போன்ற ஓர் அமைப்போடு சூப்பர்மேன் மோதினான். ஒரு சீனக் குடும்பம் நகரத்துக்குக் குடிவருகிறது. அவர்களை விரட்ட முகமூடிக் கும்பல் கிளம்புகிறது. மாலை நேரத்தில் ரேடியோ முன்னால் உட்கார்ந்திருந்த லட்சக்கணக்கான பிள்ளைகள் அந்தக் கும்பலைக் கோழைகளாகக் கேட்டார்கள். கிளீவ்லாந்தில் வாழ்ந்த ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்ற இரண்டு இளைஞர்கள், யூதக் குடியேறிகளின் பிள்ளைகள், உருவாக்கிய பாத்திரம் அது. 1938இல் வந்த தொடக்கக் கதைகளில் சூப்பர்மேன் மனைவியை அடிக்கும் கணவனையும், தொழிலாளர் உயிரை மதிக்காத சுரங்க முதலாளியையும் எதிர்த்து நின்றவன். தேசக்கொடிக்குப் பக்கத்தில் நிற்கும் சாதுவான காவலனாக அவன் மாறியது பின்னால்.

இன்னொரு தகவல் பலருக்கு வியப்பாக இருக்கும். அந்த ஆரம்பகால சூப்பர்மேனுக்குப் பறக்கத் தெரியாது. தாவுவான், ஓடுவான், அவ்வளவுதான். வானொலியும், 1941இல் தொடங்கிய ஃப்ளைஷர் ஸ்டுடியோவின் கார்ட்டூன் படங்களும்தான் அவனைப் பறக்க வைத்தன. அச்சிலிருந்து ஒலிக்கும் திரைக்கும் போகும்போது பாத்திரத்தின் உடம்பே மாறிவிடுகிறது.

2019இல் ஜீன் லுவென் யாங் என்ற சீன அமெரிக்க எழுத்தாளர் அந்த வானொலிக் கதையை மறுபடி காமிக்ஸாக எழுதினார். குரிஹிரு என்ற ஜப்பானிய ஓவியர் இணை வரைந்தது. அதில் யாங் செய்த வேலையைப் பாருங்கள். சூப்பர்மேன் ஏன் முதலில் பறக்கவில்லை என்பதற்கு அவர் ஒரு காரணம் கண்டுபிடிக்கிறார். சிறுவயதில் அவனுடைய விநோத சக்தியைப் பார்த்து ஊர் அஞ்சியது. அதனால் அவன் தன்னைப் பாதி மறைத்துக்கொண்டு வாழப் பழகிவிட்டான். பறக்க முடிந்தவன், சாதாரண மனிதனைப் போலத் தெரிய வேண்டும் என்று தரையில் ஓடிக்கொண்டிருக்கிறான். நீ உன்னை அடக்கிவைக்கிறாய் என்று கண்டுபிடித்துச் சொல்வது யார்? அந்தச் சீனக் குடும்பத்துப் பெண்பிள்ளை, ராபர்ட்டா. வேற்றூரில் ஒடுங்கி நடக்கும் உடம்பு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

வாடகைக்கு வீடு தேடும்போது ஊர்ப்பெயரைச் சொல்லத் தயங்கியவர்கள், விடுதி அறையில் அம்பேத்கர் படத்தை அலமாரிக்குள் ஒட்டியவர்கள் இங்கே இருக்கிறீர்கள். இந்தக் காமிக்ஸை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இப்போது ஸ்பைடர்மேனுக்கு வருகிறேன். 2011 ஆகஸ்டில் மார்வெல்லின் அல்டிமேட் வரிசையில் பீட்டர் பார்க்கருக்குப் பிறகு புதிய ஸ்பைடர்மேன் அறிமுகமானான். பெயர் மைல்ஸ் மொரேலஸ். அப்பா கறுப்பினத்தவர், அம்மா புவெர்ட்டோ ரிக்கோ வழி வந்தவர். எழுதியவர் பிரையன் மைக்கேல் பெண்டிஸ், வரைந்தவர் சாரா பிக்கெல்லி. உடனே கூச்சல் கிளம்பியது. "அரசியலுக்காகப் பாத்திரத்தைக் கெடுத்துவிட்டார்கள்" என்றார்கள். வெள்ளையாக இருந்தவரை அதில் அரசியல் இருப்பதாக அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

2018இல் வந்த 'இன்டு தி ஸ்பைடர்வெர்ஸ்' அனிமேஷன் படம் இந்தக் கூச்சலைக் கதைக்குள்ளேயே கொண்டுவந்தது. நல்ல பள்ளியில் மைல்ஸுக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஏதோ குலுக்கலில் கிடைத்த இடம் என்று அவன் நினைக்கிறான். எல்லாரையும் போல நீயும் தேர்வு எழுதித் தேறித்தான் வந்தாய் என்கிறார் அப்பா. வெளியேற்றப்பட வேண்டும் என்பதற்காகவே அவன் ஒரு சரியா தவறா தேர்வில் பூஜ்யம் வாங்குகிறான். எல்லா விடையையும் தப்பாக எழுத எல்லா விடையும் தெரிந்திருக்க வேண்டும் என்பது ஆசிரியைக்குப் புரிந்துவிடுகிறது. முனைவர் பட்ட நேர்காணலில் என் ஆய்வுத் தலைப்பைக் கேட்பதற்கு முன்பே எந்தப் பிரிவில் வந்தாய் என்று கேட்டார்கள். அந்தப் பிள்ளை தன் திறமையைத் தானே சந்தேகிப்பது எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும்.

அனிமேஷன் என்ற வடிவம் இதை வசனமில்லாமலும் சொல்கிறது. வழக்கமாகத் திரையில் விநாடிக்கு 24 சட்டகங்கள். இந்தப் படத்தின் தொடக்கத்தில் மைல்ஸின் அசைவுக்குப் பல இடங்களில் 12 படங்கள்தான். கூடவே ஓடும் அனுபவசாலி பீட்டருக்கு 24. ஒரே காட்சியில் ஒருவன் வழுக்கிக்கொண்டு போகிறான், மற்றவன் தட்டுத்தடுமாறுகிறான். மைல்ஸ் தன்னை நம்பத் தொடங்கும்போது அவனுடைய அசைவும் முழுமையாகிறது. உடையிலும் ஒரு மாற்றம் உண்டு. காமிக்ஸில் அவனுக்குக் கறுப்பு உடை மேலிடத்திலிருந்து வருகிறது. படத்தில் அவனே ஸ்ப்ரே கேனை எடுத்து, பழைய உடையின் மேல் கறுப்பு அடித்துக்கொள்கிறான். கொடுக்கப்பட்ட அங்கீகாரம் எடுத்துக்கொண்ட உரிமையாக மாறுகிறது.

2023இல் வந்த 'அக்ராஸ் தி ஸ்பைடர்வெர்ஸ்' இன்னும் ஒரு படி போகிறது. இதில் ஒரு சட்டம் வருகிறது. எல்லா உலகத்து ஸ்பைடர்மேன்களுக்கும் சில நிகழ்வுகள் நடந்தே தீர வேண்டும், அவர்களுக்கு நெருக்கமான ஒரு போலீஸ் அதிகாரி சாக வேண்டும், தடுத்தால் உலகமே சிதையும் என்கிறது அந்தச் சட்டம். அதற்குக் 'கேனன்' என்று பெயர். ஆங்கிலத்தில் அது மதநூல் தொகுப்பைக் குறிக்கும் சொல்லும்கூட. சட்டத்தைக் காக்கும் மிகெல் ஓஹாரா மைல்ஸிடம் சொல்வதன் சாரம் இதுதான்: உன்னைக் கடித்த சிலந்தி வேறோர் உலகத்தைச் சேர்ந்தது, நீ ஸ்பைடர்மேன் ஆகியிருக்கவே கூடாது, நீயே ஒரு பிழை.

வேறொருவருடைய இடத்தைப் பிடித்துக்கொண்டாய் என்பதை நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! உன் இடம் முன்பே எழுதப்பட்டுவிட்டது, மீறினால் உலகம் கெட்டுவிடும் என்பதை எத்தனை நூற்றாண்டாகக் கேட்கிறோம்! 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் அண்ணல் அம்பேத்கர் சொன்னது என்ன? சாதியைக் கடைப்பிடிப்பவர்களைத் திட்டிப் பயனில்லை, அதைப் புனிதமாக்கும் சாஸ்திரத்தின் அதிகாரத்தை உடைக்க வேண்டும் என்றார். மைல்ஸின் சண்டையும் மிகெல் என்ற தனி ஆளோடு இல்லை, எழுதிவைத்த விதியோடு.

ஒன்றைக் கவனியுங்கள். மிகெல் வெள்ளையன் அல்ல, லத்தீன் வழி வந்தவன். அவன் பக்கம் நிற்கும் ஜெசிகா ட்ரூ, காமிக்ஸில் வெள்ளைப் பெண், படத்தில் கறுப்பினப் பெண். பாத்திரத்தின் நிறம் மாறிவிட்டது, அவள் காக்கும் சட்டம் மாறவில்லை. பிரதிநிதித்துவம் வேண்டும், அதற்காக நாம் போராடத்தான் வேண்டும். ஆனால் நம் ஆள் ஒருவர் வாசலில் காவல் நின்றால் மட்டும் கதவு திறந்துவிடாது.

கடைசியாக, நம் ஊர் ஸ்பைடர்மேன். 2004இல் 'ஸ்பைடர்மேன்: இந்தியா' என்று 4 இதழ்கள் வந்தன. ஷரத் தேவராஜன், சுரேஷ் சீதாராமன், ஜீவன் காங் உருவாக்கியவை. நாயகன் மும்பைப் பையன். வேட்டி கட்டிய ஸ்பைடர்மேன். சக்தி தருவது சிலந்தி அல்ல, ஒரு யோகி. பெயர் பவித்ர் பிரபாகர். பீட்டர் பார்க்கர் என்பதன் ஓசைக்காக வைத்த பெயர்தான். ஆனாலும் 'பவித்ர' என்றால் தூய்மை. தீட்டு என்ற சொல்லால் அடிபட்ட நாம் அந்தப் பெயரைச் சும்மா கடந்துபோக முடியாது. பீட்டரின் கதையில் எந்தச் சாமானியனையும் ஒரு சிலந்தி கடித்துவிடலாம். யோகி வந்ததும் அந்தத் தற்செயல் போய்விடுகிறது, தகுதியானவனைத் தேடிக் கொடுக்கும் அருள் வந்துவிடுகிறது.

2023 படத்தின் பவித்ர் எவ்வளவோ மேல். துள்ளலும் நக்கலுமாக இருக்கிறான். வெள்ளைக்காரன் நம்மிடம் திருடியதைக் கிண்டலாகச் சொல்கிறான். இந்தியாவில் அந்தப் படம் தமிழ் உட்பட 10 மொழிகளில் வந்தது, எல்லாரும் கைதட்டினோம். நானும்தான். ஆனால் வெள்ளைக்காரன் திருடியதைச் சொல்ல முடிகிற நாயகனால், தன் தெருவில் யார் நிலத்தை யார் வைத்திருக்கிறார்கள் என்று சொல்ல முடியவில்லை. மும்பையையும் மன்ஹாட்டனையும் கலந்து கட்டிய அந்தப் பிரம்மாண்ட நகரத்தின் சாக்கடைக்குள் யார் இறங்குகிறார்கள் என்று படம் கேட்கவில்லை. அமெரிக்காவில் மறுவாசிப்பு என்றால் நிறவெறியைப் பேசியாக வேண்டியிருக்கிறது. இந்தியாவுக்கு வந்தால் வேட்டியும் வளையலும் போதும் என்றாகிவிடுகிறது.

எனவே இனி ஒரு பழைய நாயகன் புது உருவில் வரும்போது, ஆளை மட்டும் மாற்றினார்களா, விதியையும் மாற்றினார்களா என்று கேளுங்கள். யாங் பழைய கதையில் ஓரத்தில் நின்ற பெண்பிள்ளையை நடுவில் கொண்டுவந்தார், அதனால் சூப்பர்மேனின் பயமே நமக்குப் புதிதாகத் தெரிந்தது. அந்த வேலையை நம் மொழியில், நம் தெருவை வைத்துச் செய்ய யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இங்கே வரையத் தெரிந்தவர்கள் நாலு பேராவது இருப்பீர்கள். மைல்ஸ் கையில் இருந்தது ஒரு ஸ்ப்ரே கேன்தான். உங்கள் கையில் பேனாவும் ஃபோனும் இருக்கின்றன. தொடங்குங்கள்.

ஜெய் பீம்!