கூடிய எழுத்தும் குறைந்த எழுத்தும்

(சூரமங்கலத்தில் நடைபெற்ற சுருத பஞ்சமி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இன்று நாம் ஏட்டைப் பீடத்தில் ஏற்றி வழிபட்டோம். இந்நாளின் வரலாறு உங்களுக்குப் புதியதன்று. எனினும் அதில் இரண்டு இடங்களை மட்டும் நினைவூட்ட விழைகின்றேன். முதுமையுற்ற தரசேனர், தாம் அறிந்த ஆகமம் தம்மோடு மறைந்துவிடுமோ என்று கவன்று, தென்னாட்டுத் துறவியர்க்குச் செய்தி அனுப்பினார். புஷ்பதந்தர், பூதபலி ஆகிய இருவரும் நெடுந்தொலைவு நடந்து, சௌராட்டிர நாட்டுக் கிர்நார் மலைக்குச் சென்றனர். வந்தவர்க்கு அவர் உடனே பாடம் சொல்லிவிடவில்லை. ஆளுக்கொரு மந்திரம் கொடுத்தார். ஒன்றில் ஓர் எழுத்துக் கூடுதல். மற்றொன்றில் ஓர் எழுத்துக் குறைவு. ஓதியபோது தோன்றிய தேவியருள் ஒருத்திக்குப் பல் நீண்டிருந்தது. மற்றொருத்திக்கு ஒரு கண் இல்லை. இருவரும் அஞ்சி ஓடவில்லை. ஆசிரியர் தந்ததாயிற்றே என்று அப்படியே ஏற்கவும் இல்லை. எழுத்தைத் திருத்தி மீண்டும் ஓதினர். அதன் பின்னரே தரசேனர் பாடம் தொடங்கினார்.

இரண்டாவது இடம் இது. கற்று முடித்தபின் புஷ்பதந்தர் வனவாச நாட்டிலும், பூதபலி நம் தமிழ் நாட்டிலும் தங்கினர். புஷ்பதந்தர் முதற்பகுதிச் சூத்திரங்களை இயற்றி, ஜினபாலிதர் வழியாகப் பூதபலிக்கு அனுப்பிவைத்தார். பூதபலி எஞ்சியதை இயற்றி முடித்தார். ஷட்கண்டாகமம் அவ்வாறு உருவாயிற்று என்பது வீரசேனரின் தவள உரை தரும் செய்தி. தொலைநிலைக் கல்வி என்று இன்று நாம் எதைச் சொல்கின்றோமோ, அதற்கு நம் சமயத்திலேயே இப்படியொரு முன்னோடி உண்டு. ஆகவே, வீட்டிலிருந்து படித்த படிப்பும் ஒரு படிப்பா என்று நம்மில் எவரும் கேட்க வேண்டியதில்லை.

இதை ஏன் இன்று பேச வந்தேன்? நம் சமூகத்தில் வீட்டுக்கு ஓர் ஆசிரியர் இருந்த காலம் உண்டு. வந்தவாசி, திண்டிவனம், ஆரணிப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து புறப்பட்டு, பணியின் பொருட்டு இங்கு வந்து தங்கிய குடும்பங்களுள் ஆசிரியர் குடும்பங்கள் எத்தனை என்று விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். இன்று அவ்வீடுகளின் பெண்கள் பி.எட். முடித்து, சில ஆண்டுகள் பணியாற்றி, திருமணமாகி அயல்நாடு செல்கின்றனர். சென்ற இடத்தில் அந்தப் பட்டம் பெட்டிக்குள் கிடக்கின்றது.

என் உறவில் ஒரு பெண். கணிதத்தில் பட்டம், பி.எட்.; இங்கே ஒரு பள்ளியில் மூன்றாண்டுப் பணி. கணவருடன் இலண்டன் அருகே குடியேறினாள். அங்கே ஒரு பள்ளியில் மதிய உணவு வேளையில் பிள்ளைகளை மேற்பார்க்கும் வேலை கிடைத்தது. ஒருநாள் தொலைபேசியில், “பெரியம்மா, இணையத்திலேயே ஒரு சான்றிதழ் படித்தால் ஆசிரியர் ஆகலாமாம். இரண்டரை இலட்சம் கேட்கிறார்கள். அம்மா சங்கிலியை அடகு வைக்கிறேன் என்கிறாள். கட்டலாமா?” என்றாள். அவளுக்கு வந்த விளம்பரத்தை அனுப்பச் சொல்லிப் படித்தேன். பன்னாட்டு அங்கீகாரம் என்று நான்கு இடங்களில் இருந்தது. அங்கீகரித்தவர் யார் என்பது ஓரிடத்திலும் இல்லை. எனக்கு அந்த ஒற்றைக் கண் தேவி நினைவுக்கு வந்தாள்.

இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகளில் முழுத் தகுதியுள்ள ஆசிரியராவதற்கு வேண்டப்படுவது ‘க்யூ.டி.எஸ்.’ எனப்படும் தகுதிபெற்ற ஆசிரியர் நிலை. இதை வழங்குவது அந்நாட்டு அரசின் கல்வித்துறை. 2023 பிப்ரவரி முதல், இந்தியா உள்ளிட்ட மேலும் சில நாடுகளில் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள், அங்கே மறுபடியும் பயிற்சிப் படிப்புப் படிக்காமலேயே இந்நிலைக்கு நேரடியாக விண்ணப்பிக்க வழி திறந்தது. நம் நாட்டினர்க்கு அவ்வாய்ப்பு, 11 முதல் 16 வயது வரையுள்ள மாணவர்க்குக் கணிதம், அறிவியல், மொழிகள் ஆகியவற்றைக் கற்பிக்கத் தகுதி பெற்றோர்க்கே உரியது. மொழிகளுள் எவை அடங்கும் என்பதை அவர்தம் விதியிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். பட்டம், ஆசிரியப் பயிற்சி, பயிற்சிக்குப் பின் ஓராண்டேனும் பணி, ஆங்கிலத் திறனுக்குச் சான்று ஆகியவை வேண்டும். விண்ணப்பக் கட்டணம் எவ்வளவு தெரியுமா? ஒன்றும் இல்லை.

அந்தப் பெண் கட்ட இருந்த இரண்டரை இலட்சத்தை எண்ணிப் பாருங்கள்.

நான் இதைக் கண்டுபிடித்த பெருமைக்காகச் சொல்லவில்லை. அரசின் இணையதளத்தில் எல்லோர்க்கும் தெரியும்படி இருப்பது அது. அவள் அதைத் தேடவில்லை. விளம்பரம் அவளைத் தேடி வந்தது. அவ்வளவுதான் வேறுபாடு.

விண்ணப்பித்தாள். ஆனால் அங்கே கூடிய எழுத்தும் குறைந்த எழுத்தும் வந்து நின்றன. பட்டச் சான்றிதழில் தந்தை பெயரின் முதலெழுத்து முன்னால். கடவுச்சீட்டில் கணவர் பெயர் பின்னால். பணிச் சான்றில் முதலெழுத்தே இல்லை. நமக்கு மூன்றும் ஒரே பெண். அவர்களுக்கு மூன்று பெண்கள். நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எழுதி, பணியாற்றிய பள்ளியிலிருந்து சான்றைத் திருத்தி வாங்கி அனுப்புவதற்குள் அவள் தாய் இந்தச் சூரமங்கலத்துக்கும் டவுனுக்கும் எத்தனை முறை பேருந்து ஏறினாள் என்பதை நான் அறிவேன். இறுதியில் தை மாதத்தில் அவளுக்கு அந்நிலை கிடைத்தது. மணமாகி வெளியூர் செல்லும் பெண்ணுக்குப் பாத்திரம் பண்டம் அடுக்கும்போதே, சான்றிதழ்கள் அனைத்திலும் பெயர் ஒன்றாக உள்ளதா என்று பார்த்து அனுப்புங்கள். 2008இல் தோன்றிய தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் பி.எட். பெற்றவர்கள், சான்றின் உண்மைத்தன்மைக் கடிதம் தேவைப்பட்டால் அதையும் இங்கிருக்கும்போதே வாங்கிவிடுவது எளிது.

எல்லோர்க்கும் இப்படி நல்ல முடிவு வாய்ப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மற்றொரு பெண் வணிகவியல் ஆசிரியை. அவளுக்கு அந்தக் கதவு இல்லை. வெளிநாட்டிலிருந்தே பயிலத்தக்க பன்னாட்டு பி.ஜி.சி.இ. என்றொரு படிப்பைப் பல பிரித்தானியப் பல்கலைக்கழகங்கள் நடத்துகின்றன. நல்ல படிப்புத்தான், பன்னாட்டுப் பள்ளிகள் மதிக்கும். ஆனால் அது மட்டும் க்யூ.டி.எஸ். நிலையைத் தராது. கட்டணமோ பவுனில் ஆயிரக்கணக்கு. இதைச் சொன்னபோது அவள் சற்று நேரம் பேசவில்லை. முதலில் ஒரு பள்ளியில் உதவியாளராகச் சேர்ந்து, அப்பள்ளியே பயிற்சிக்குத் துணை செய்யுமா என்று பார்க்கலாம் என்றேன். அதற்குமேல் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. மேலும், க்யூ.டி.எஸ். இங்கிலாந்துக்கு உரியது; ஸ்காட்லாந்துக்கு வேறு பதிவு. அமெரிக்காவிலோ மாநிலத்துக்கு ஒரு விதி. ஆகவே நாட்டின் பெயரை மட்டும் சொல்லி விசாரித்தல் போதாது.

பவணந்தி முனிவர் நன்னூலில், ஆசிரியர் ஆகத் தகாதவர்க்கு உவமை சொல்லும்போது முடத்தெங்கைக் காட்டுவார். ஒருவர் நீர் ஊற்றி வளர்க்க, வளைந்து நின்று, அடுத்த வீட்டு முற்றத்தில் காய் உதிர்க்கும் தென்னை. நம் சமணப் பெரியார் மனிதர்க்குச் சொன்ன அவ்வுவமை, இன்றைய சில இணையவழிப் படிப்புகளுக்கும் பொருந்துகின்றது. பணம் நம் வீட்டது. பயன் விற்றவர் வீட்டது.

அப்படியானால் குறைந்த செலவில் படிக்க வழியே இல்லையா? நிறைய உண்டு. நானே அவ்வழியில் வந்தவள். இடைநிலை ஆசிரியையாகப் பணியில் சேர்ந்து, அஞ்சல்வழிக் கல்வியில்தான் தமிழ் முதுகலை பயின்றேன். பாடக்கட்டுகள் தபாலில் வரும். பள்ளி விட்டு வந்து, அடுப்பு வேலை முடித்து, இரவில் யாப்பருங்கலக் காரிகை படிப்பேன். அதை இயற்றியவரும் நம்மவரே என்பதில் எனக்கு ஒரு தனிப் பெருமிதம். தேர்வுக் கட்டணத்துக்கு மேல் பெரிய செலவு இல்லை. பட்டம் கிடைத்ததும் ஊக்க ஊதியமும் கிடைத்தது.

இன்று அந்தத் தபால்காரர் இடத்தில் கைபேசி இருக்கின்றது. 1985இல் தொடங்கிய இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் கல்வியியலில் முதுகலை நடத்துகின்றது. இந்தியாவில் இருப்போர்க்கு அதன் கட்டணம் எளியது. வெளிநாட்டில் வாழ்வோர்க்குக் கட்டணம் வேறு, கூடுதல். ஊரில் இருக்கும்போதே சேர்வது நன்று. நடுவண் அரசின் ‘ஸ்வயம்’ தளம் 2017இல் தொடங்கியது. அதில் பாடம் கேட்பது இலவசம். தேர்வெழுதிச் சான்று பெறுவதற்கு மட்டுமே கட்டணம். பிரித்தானியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ‘ஓப்பன்லேர்ன்’ என்ற பெயரில் இலவசப் பாடங்களைத் தருகின்றது. இவை அறிவைப் பெருக்கும், நேர்காணலில் உதவும், ஆனால் ஆசிரியர் உரிமம் ஆகா.

ஒன்றை அழுத்திச் சொல்வேன். வீட்டிலிருந்தபடியே இணையத்தில் மட்டும் படித்து முடிக்கும் பி.எட். என்று எவரேனும் விற்றால் வாங்காதீர்கள். நம் நாட்டில் ஆசிரியர் கல்விக்கு ஒப்புதல் தருவது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம். அது அத்தகைய பி.எட்.டை ஏற்பதில்லை. திறந்தநிலைப் பி.எட். உண்டு, அது ஏற்கெனவே ஆசிரியப் பயிற்சி பெற்றோர்க்கு உரியது, வகுப்புகளுக்கும் கற்பித்தல் பயிற்சிக்கும் நேரில் செல்ல வேண்டும். பிற பட்டங்களுக்கு, அந்தக் கல்வியாண்டில் அந்தப் படிப்புக்குப் பல்கலைக்கழக மானியக்குழுவின் ஒப்புதல் உண்டா என்று அதன் தொலைநிலைக் கல்விப் பிரிவின் பட்டியலில் பார்க்க வேண்டும். பல்கலைக்கழகம் பழையது, பெயர்பெற்றது என்பது மட்டும் போதாது.

வளைகுடா செல்வோர்க்கு இன்னொரு சிக்கல். அங்கே பட்டத்துக்கு இணைச்சான்று கேட்கும்போது, நேரில் பயின்றதா தொலைநிலையில் பயின்றதா என்றும் கேட்பர். எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர் இளங்கலையை அஞ்சல்வழியில் முடித்து, பி.எட்.டைக் கல்லூரியில் முடித்தவர். அங்கே சென்றபின் இளங்கலையிலேயே தடை வந்து, ஆறு மாதத்தில் திரும்பிவிட்டார். தொலைநிலைக் கல்வியை இவ்வளவு போற்றும் நான் இதைச் சொல்வது முரணாகத் தோன்றலாம். கல்வியில் குறையில்லை; அதை ஏற்பவர் வைத்திருக்கும் அளவுகோல் வேறு. படிக்குமுன் அந்த அளவுகோலைக் கேட்டுப் பெற வேண்டும்.

தமிழ் கற்பிக்க விரும்புவோர்க்கு ஒரு செய்தி. அயல்நாடுகளில் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள் பல இயங்குகின்றன. 2001இல் தொடங்கிய தமிழ் இணையக் கல்விக்கழகத்தில் சான்றிதழ் முதல் பட்டம் வரை இணையவழியே பயிலலாம். நூலகமும் இலவசம், சிந்தாமணியும் நாலடியாரும் அங்கே உரையுடன் கிடைக்கின்றன. ஊதியம் மிகுதியாக வராது. ஆனால் பெட்டிக்குள் கிடக்கும் பட்டம் வெளியே வரும்.

அறங்காவலர்களுக்கு ஒரு விண்ணப்பம். நால்வகைத் தானங்களுள் சாத்திர தானமும் ஒன்று. ஆண்டுதோறும் பள்ளிப் பிள்ளைகளுக்குக் குறிப்பேடும் உதவித்தொகையும் வழங்குகின்றோம், வாழ்த்துகின்றேன். அதனுடன் படித்து முடித்த பெண்களுக்கென ஒரு சிறு சுழல்நிதி வைக்கலாகாதா? ஆங்கிலத் தேர்வுக் கட்டணம், சான்றுகளுக்கு அப்போஸ்டில் முத்திரை பெறும் செலவு, திறந்தநிலைப் பல்கலைக்கழகக் கட்டணம் ஆகியவற்றுக்கு வட்டியின்றிக் கொடுத்து, வேலை கிடைத்தபின் திரும்பப் பெறலாம். ஒரு சங்கிலி அடகுக் கடைக்குப் போகாமல் நிற்கும். முதல் தொகையாக என் ஓய்வூதியத்திலிருந்து இருபத்தையாயிரம் ரூபாயைப் பொருளாளரிடம் இன்று காலையில் கொடுத்துவிட்டேன்.

பொழுது சாயுமுன் உணவு முடிந்துவிடும். அதன்பின் மண்டபத்தின் கீழண்டைத் திண்ணையில் நானும், பணி நிறைவு பெற்ற தலைமையாசிரியர் இருவரும் அமர்ந்திருப்போம். சான்றிதழ் நகல்களையும், உங்களுக்கு வந்த விளம்பரங்களையும் கொண்டுவாருங்கள். எழுத்தெழுத்தாகப் பார்ப்போம்.