உடைந்து செய்தி சொல்லும் கொழுப்பு



நம் சரீரத்தின் ஒவ்வோர் உயிரணுவையும் சூழ்ந்திருக்கும் மெல்லிய சவ்வில் உள்ள கொழுப்பு, உள்ளிருப்பதைக் காக்கும் வெறும் வேலியே என்று விஞ்ஞானிகள் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 1953-ஆம் ஆண்டில் மேபல் ஹோக்கின், லோவெல் ஹோக்கின் என்னும் தம்பதியர், புறாவின் கணையத்தை மெல்லிய சீவல்களாக அரிந்து, கதிரியக்கமுள்ள பாஸ்பரஸ் கலந்த திரவத்தில் இட்டு, நரம்புகள் சுரக்கும் அசிடைல்கோலினைச் சேர்த்தபோது, அந்தப் பாஸ்பரஸ் கொழுப்பில் மும்முரமாக ஏறக் கண்டனர். செய்தி வந்ததும் கொழுப்பு சிதைகிறது, சிதைந்தது உடனே மீண்டும் கட்டப்படுகிறது என்பதே அதன் தாத்பரியம்; எதற்காக என்பது விளங்கவோ ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் சென்றன.

காயம்பட்ட இடத்தில் இரத்தத் தட்டணுக்கள் வெளிவிடும் வளர்ச்சிக் காரணி, அருகிலுள்ள உயிரணுவின் ஏற்பியைப் பற்றியதும், சவ்வின் உட்புறத்தில் பாஸ்போலைபேஸ் சி என்னும் நொதி கிளர்ந்து, இனோசிட்டாலைத் தலையில் தாங்கிய அபூர்வமான ஒரு கொழுப்பு மூலக்கூறை இரண்டாகப் பிளக்கிறது. நீரில் கரையும் தலைப்பகுதி உள்ளே சென்று, அங்கே சேமித்துள்ள கால்சியத்தை வெளிவரச் செய்கிறது. இதை 1983-இல் மைக்கேல் பெர்ரிட்ஜும் அவருடைய சகாக்களும் நிரூபித்தனர். நீரோடு ஒவ்வாத மறுபகுதியான டைஅசைல்கிளிசரால் சவ்விலேயே தங்கி, ஜப்பானின் கோபே நகரத்தில் யசுதோமி நிஷிசூகா கண்டறிந்த புரதக் கைனேஸ் சி என்னும் நொதியைத் தூண்ட, அந்நொதி பிற புரதங்களின்மீது பாஸ்பேட்டை ஏற்றி, வளர்ச்சிக்கான ஆணை உட்கருவை எட்டத் துணைசெய்கிறது. ஆணை பிறந்ததைக் காட்டிலும், அந்தத் துண்டுகள் சீக்கிரமே உருமாறி மறைந்து அது உரிய நேரத்தில் ஓய்வதே எனக்குப் பெரும் அதிசயமாகத் தோன்றுகிறது.

அது ஓயாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு, நம் சித்த வைத்தியர்கள் சுத்தி செய்து பேதிக்குக் கொடுக்கும் நேர்வாளமே சாட்சி. தோலில் பட்டாலே சிவந்து கொப்புளிக்கச் செய்யும் அந்த விதையின் எண்ணெயிலுள்ள போர்பால் எஸ்டர் என்னும் பதார்த்தம், டைஅசைல்கிளிசராலின் வேஷம் தரித்து அதே நொதியைத் தூண்டுகிறது. ஆனால் அதைப்போல விரைவில் அழிவதில்லை. புற்றுக்கு வித்திடும் ரசாயனத்தை முன்னரே பூசிய சுண்டெலியின் தோலில் இவ்வெண்ணெயைத் திரும்பத் திரும்பத் தடவினால் கட்டிகள் எழும் என்பது 1940-களிலேயே தெரிந்திருந்தும், அதன் ரகசியம் 1982-இல்தான், அதுவும் கொழுப்பின் சிதைவை ஆராய்ந்துவந்த அதே நிஷிசூகாவின் சோதனைச்சாலையில் வெளிப்பட்டது.